கழட்டுனப்ப மார்க் போட்டாங்களா?

சித்தப்பா மகன் அந்தப் பைக்கை வாங்கி வந்த அன்று வீட்டில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “செயின் எங்கே?” செயினே கிடையாது. லாரியில் இருப்பதுபோல, பின் சக்கரத்துக்கு ஒரு ஷாஃப்ட் போகிறது. பி.எம்.டபிள்யூ தன் முதல் பைக்கான ஆர் 32-வை 1923-ல் கொண்டுவந்தபோதே இந்த ஏற்பாட்டைத்தான் வைத்தது.

இரண்டு மாதம் முன்பு அண்ணன் அதை சர்வீஸுக்கு விட்டார். ஷாஃப்ட்டைக் கழற்றி கிரீஸ் வைத்தார்கள். வந்த நாளிலிருந்து, சேலம் - நாமக்கல் ரோட்டில் 70-ஐத் தாண்டினால் ஃபுட்ரெஸ்ட்டில் ஒரு நடுக்கம். டயரை மாற்றினார், வீல் பேலன்ஸ் பார்த்தார், காசு போனதுதான் மிச்சம். அண்ணி இனி அதில் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டார்.

கடைசியில், நாமக்கல்லில் லாரி ஷாஃப்ட் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் போனோம். பைக்கா என்று சிரித்தார். ஆனால், கையை வைக்கும் முன்பு கேள்விதான் கேட்டார்.

“நின்ன இடத்துல முறுக்கினா வருதுங்களா?” இல்லை. அப்படியானால் இன்ஜின் இல்லை. “கியர் மாத்தி ஓட்டினா?” எந்த கியரிலும் அதே 70-ல்தான். அப்படியானால் சக்கரம் அல்லது ஷாஃப்ட். “தட்டுதா, இல்ல ரீங்காரமா அதிருதா?” ரீங்காரம்தான்.

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 70 கி.மீ வேகத்தில் பைக் சக்கரம் விநாடிக்குச் சுமார் 10 முறை சுற்றும். ஷாஃப்ட் அதைப்போல மூன்று மடங்கு வரை சுற்றும். அதனால் சக்கரக் கோளாறு தட்டும்; ஷாஃப்ட் கோளாறு அதிரும்.

பிறகுதான் அந்தக் கேள்வி: “கழட்டுனப்ப மார்க் போட்டாங்களா தம்பி?”

அண்ணன் விழித்தார். பின் வீலைக் கழற்றி, ஹவுசிங்கைச் சாய்த்து, ஷாஃப்ட்டை எடுத்து பேப்பரில் கிடத்தினார் பெரியவர். அதன் இரு முனைகளிலும் கிராஸ் ஜாயின்ட். சாய்வாக நிற்கும் ஜாயின்ட் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். முதல் ஜாயின்ட் செய்யும் இந்தக் கோணலை இரண்டாவது சரிக்கட்டிவிடும். அதற்கு, நடு ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள கவட்டைகள் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். நடுவில் பல்வைத்த பகுதியை உருவி, இரண்டு பல் தள்ளிச் செருகியிருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம். (சில மாடல்களில் ஒரே ஜாயின்ட்தான், அவற்றில் இந்தப் பிரச்னை வராது.)

“லாரியில இதுதாங்க முதல் பாடம். சுண்ணாம்புக் கட்டியில கோடு போடாம உருவ மாட்டோம்” என்றார்.

அப்படியே ஓட்டினால் என்ன? கிராஸுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் சீக்கிரம் தேயும். லாரியில் ஜாயின்ட் விட்டு ஷாஃப்ட்டின் முன்முனை விழுந்தால் ரோட்டில் குத்தி நிற்கும். விழாமல் தாங்கத்தான் அடியில் இரும்பு வளையம் போடுகிறார்கள். பைக்கில் பின் சக்கரமே பூட்டிக்கொள்ளலாம்.

உங்களிடமும் ஷாஃப்ட் பைக் இருந்தால், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் பேரிங். ஆயிலை மாற்றும்போது காந்த போல்ட்டில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை. தகடு தகடாக உலோகம் வந்தால் ஓட்டாதீர்கள்.

பெரியவர் சரிசெய்து மாட்டும்முன், இரண்டு பாதியையும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டார். திரும்பும்போது ராசிபுரம் தாண்டி 90 வரை போனோம், நடுக்கம் இல்லை. அண்ணி இன்னும் ஏறவில்லை.