தலையில் ஒரு பச்சை

எங்கள் கோலார் தங்கவயல் பாலகாட்டில் பாட்டிமாரின் முன்கையில் பச்சை குத்திய கோலத்தைக் காணலாம். அதே ஊசி வேலைதான் இன்று ‘மைக்ரோபிக்மென்டேஷன்’ என்னும் பெரும்பெயர் பூண்டு வழுக்கைத் தலைக்கு வந்திருக்கிறது. தோலுக்குள் நுண்புள்ளிகளாய் நிறமேற்றினால், மழித்த மயிர்க்கால் போலத் தோன்றும். ஆனால் ஒரு மயிரும் முளைக்காது, தோழர்களே! சில ஆண்டுகளில் நிறம் மங்கும், மறுபடி குத்தவேண்டும்.

அழகு பார்ப்பது குற்றமன்று, பாட்டி பார்க்கவில்லையா? 2001இல் சுரங்கங்கள் மூடியபின், விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரில் உழைத்துத் திரும்பும் இளைஞன், பெண் வீட்டாருக்கு அஞ்சித் தன் சேமிப்பை இதில் கொட்டுவதைத்தான் நான் மறுக்கிறேன். (வழுக்கையை வெறுப்பவர் மங்கிய புள்ளியை மெச்சுவாரா?)

அப்படியும் செய்துகொள்வீர்களாயின், திட்டுத்திட்டாய் உதிர்க்கும் நோயா என்று தோல் மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். புதிய ஊசியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். பிறருக்குக் குத்திய ஊசியில் மஞ்சட்காமாலைக் கிருமி வரும்.