பதினைந்து வயதுக்கு ஒரு ஜாதகம்

குழந்தை பிறந்தால் ஜாதகம் கணிக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இப்போது கவலை, சிரிக்கிறவர்களைப் பற்றித்தான். பஞ்சாங்கம் பார்த்துப் போட்ட கட்டத்தை மூடநம்பிக்கை என்று தள்ளுகிற அதே படித்த பெரிய மனிதர்கள், பத்தாம் வகுப்பில் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுக்கிற கட்டத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். "பையனுக்கு இயந்திர நாட்டம் அதிகம், பெண்ணுக்குச் சேவை மனப்பான்மை அதிகம்" என்று அந்தத் தாளில் அச்சாகி வந்துவிட்டால், அது விஞ்ஞானம்!

இந்தப் பரீட்சைகளுக்குப் பெயர்கள் பல. சில ஆண்டுகளுக்கு முன் நமது அரசுப் பள்ளிகளில் 'நாட்டமறித் தேர்வு' என்று ஒன்று நடத்தினார்கள். மத்தியக் கல்வி வாரியம் 2019-இல் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு 'தமன்னா' என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது. மொழி, எண், இயந்திரம், வடிவம் என்று 7 திறன்களை அளக்கும். கட்டாயமில்லை, தேர்ச்சியும் தோல்வியும் இல்லை என்றார்கள். தனியார் கம்பெனிகள் காசு வாங்கிக்கொண்டு நடத்துபவை வேறு. எல்லாவற்றின் நோக்கமும் ஒன்றுதான்: பள்ளிப் பிள்ளை எந்த வேலைக்குத் தகுதி என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் சாதாரணமானதல்ல. அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினத்தில் வலை இழுக்கிறவர் மகனுக்கோ, பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிற அம்மாளின் மகளுக்கோ, உலகத்தில் என்னென்ன படிப்பு இருக்கிறது, எந்தக் கதவை எங்கே தட்டுவது என்று எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. வக்கீல் பிள்ளைக்கு மாமாவும் சித்தப்பாவும் சொல்லுவார்கள். இல்லாதவனுக்கு யார் சொல்லுவது? ஆகவே பள்ளிக்கூடம் சொல்லட்டும் என்கிறார்கள். நியாயம்தான். 1952-53-இல் லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவும் பள்ளிகளில் வழிகாட்டும் ஆசிரியர்கள் வேண்டும் என்றே சொல்லிற்று. வழி காட்டுவதை எந்த மடையன் எதிர்ப்பான்?

ஆனால் ஐயா, வழி காட்டுவது வேறு, எடை போடுவது வேறு. ஊருக்குப் புதிதாக வந்தவன் "சிதம்பரத்துக்கு எந்தப் பஸ்?" என்று கேட்டால் பஸ்ஸைக் காட்ட வேண்டும். அவன் காலைப் பிடித்துப் பார்த்து, "உனக்குப் பயணம் ஒத்துவராது, புவனகிரியோடு இறங்கிவிடு" என்று சொல்வதற்குப் பெயர் உபகாரமா?

அந்தத் தாள் எதை அளக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்ய உனக்குப் பிரியமா?" என்று ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிச்சாவரத்தில் துடுப்புப் போடுகிறவர் மகன் என்ன பதில் எழுதுவான்? தன் பள்ளிக்கூடத்திலேயே ஆராய்ச்சிக் கூடம் பூட்டிக் கிடந்தால், கண்ணால் பார்க்காத ஒன்றின் மேல் அவனுக்குப் பிரியம் எங்கிருந்து வரும்? "படகு, மீன், வெளியில் சுற்றுவது" என்றுதான் எழுதுவான். தாள் உடனே "உடலுழைப்புத் தொழில்" என்று தீர்ப்புச் சொல்லிவிடும். வேடிக்கை என்னவென்றால், வெள்ளாறு கடலில் கலக்கிற பரங்கிப்பேட்டையில், அவன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. சுரபுன்னைக் காட்டின் வேரும், நண்டு பொந்தை விட்டு வெளியே வருகிற வேளையும், ஏற்றவற்றமும் அந்தப் பையனுக்குப் பாலோடு வந்த ஞானம். அதையே அங்கே பெரிய படிப்பாகப் படிக்கிறார்கள் என்று அவனிடம் சொல்ல ஆளில்லை. அவன் பார்த்ததை அளந்துவிட்டு, அவனையே அளந்துவிட்டதாகச் சொல்லுகிறார்கள். இதுதான் என் முதல் வழக்கு.

இது புது வழக்கும் அல்ல. 1905-இல் பாரிஸில் ஆல்பிரெட் பினே என்ற பெரியவர் குழந்தைகளின் அறிவை அளக்க முதல் பரீட்சையைச் செய்தார். எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார். அறிவு என்பது மாறாத அளவு என்று முடிவு கட்டுகிறவர்களை அவரே கண்டித்தார். அவர் போன பிறகு பின்வந்தவர்கள் அந்தக் கோலைத் திருப்பிப் பிடித்தார்கள். கை கொடுப்பதற்காகச் செய்த கருவி, கை கழுவுவதற்கு உதவியது. இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வைத்து, இவன் கல்லூரிக்கு, இவன் பட்டறைக்கு என்று பிரித்தார்கள். பெரும்பாலும் தொழிலாளி பிள்ளை பட்டறைக்கும் குமாஸ்தா பிள்ளை கல்லூரிக்கும் போனார்கள். இருபது வருஷம் பார்த்துவிட்டு, 1965-இல் அந்த நாட்டு அரசாங்கமே இந்தப் பிரிவினையைக் கைவிடும்படி உள்ளூர்க் கல்வி நிர்வாகங்களைக் கேட்டுக்கொண்டது.

நம் மாகாணத்துக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? 1953-இல் ராஜாஜியின் ஆட்சி, கிராமத்துப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் பழகட்டும் என்று ஒரு திட்டம் போட்டது. குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது போயிற்று. அந்தத் திட்டமும் இந்தப் பரீட்சையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இது யாருடைய குலத்தையும் கேட்பதில்லை. அந்த மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் தகப்பன் தொழிலும் வீட்டுச் சூழலும் பள்ளிக்கூடத்தின் ஏழ்மையும் சேர்ந்து உண்டாக்கிய விருப்பங்களை வாங்கி, கூட்டிப் பெருக்கி, "இது உன் இயல்பு" என்று திருப்பிக் கொடுக்கிறதே, அது எந்த வாசல் வழியாக எங்கே கொண்டுபோய் விடுகிறது? முன்பு வெளிப்படையாக இருந்தது. எதிர்த்துக் கோஷம் போட முடிந்தது. சதவிகிதத்தை எதிர்த்து யார் கோஷம் போடுவது?

சிதம்பரத்தைச் சொல்லிக்கொண்டு நந்தனாரைச் சொல்லாமல் இருக்க முடியுமா? கோபாலகிருஷ்ண பாரதியார் தம் சரித்திரக் கீர்த்தனையில் ஒரு வேதியரைப் படைத்தார். அந்த வேதியர் நந்தனை நன்றாக அறிந்தவர். வயல் வேலைக்கு அவனைப்போல ஆளில்லை என்று அவருக்குத் தெரியும். அவருடைய மதிப்பீட்டில் பிழையே கிடையாது! நாற்பது வேலி நிலத்துக்கு மிகப் பொருத்தமான ஆள். அந்த ஆளுக்குத் தில்லை எதற்கு? ஒருவனை அவன் இருக்கிற இடத்தில் வைத்தே அளக்கிற எந்த அளவுகோலும் இப்படித்தான் பேசும். அதே சிதம்பரத்தில் 1916-இல் சுவாமி சகஜானந்தர் அந்த நந்தனார் பெயரிலேயே ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். சேரிப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டா ஆரம்பித்தார்? கதவைத் திறந்தார், நாட்டம் உள்ளே வந்தது.

திறக்க வேண்டிய கதவுகள் இன்றும் இருக்கின்றன. அண்ணாமலைநகரில் உள்ள மருத்துவக் கல்லூரியில், பல்கலைக்கழகத்தை 2013-இல் அரசு எடுத்துக்கொண்ட பின்னும், எம்.பி.பி.எஸ். படிக்க ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல் கட்டணம். மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2021-இல் அரசு அதைக் கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக்கியது; கட்டணம் 13,000 சொச்சத்துக்கு இறங்கியது. அந்த ஒரு உத்தரவால் எத்தனை குடும்பங்களுக்கு வைத்தியப் படிப்பில் 'நாட்டம்' பிறந்திருக்கும்! முதல் நாள் வரை அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாதிருந்தது திறமையா, பணமா? எந்த நாட்டமறித் தாளிலாவது "தகப்பனால் எவ்வளவு கட்ட முடியும்?" என்று ஒரு கட்டம் உண்டா?

இன்னொன்றும் உண்டு. பிள்ளை வேலைக்குத் தயாரா என்று கேட்கிறார்கள். வேலை பிள்ளைக்குத் தயாரா என்று கேட்பாரைக் காணோம். நெய்வேலியில் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர உத்தியோகம் கேட்டு எவ்வளவு காலமாக வாசலில் நிற்கின்றன? அவர்களுக்கு வேலை கிடைக்காதது நாட்டக் குறைவாலா? வேலை இல்லாத திண்டாட்டத்தை வேலைக்குத் தகுதியில்லாத பிள்ளையின் தலையில் கட்டிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. பிள்ளைக்குத்தான் நிம்மதி இல்லை. பழியும் அவனுக்கு, பசியும் அவனுக்கு.

கதை படிக்கிறவர்கள் நீங்கள். முதல் அத்தியாயத்திலேயே ஒரு பாத்திரத்தைப் பற்றி "இவன் இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிட்டு, கடைசி வரை அவனை அப்படியே நடத்திக்கொண்டு போகிற நாவலை நீங்கள் மதிப்பீர்களா? மரப்பாச்சி என்று தூக்கி எறிவீர்கள். எழுதுகிறவனுக்குத் தெரிந்த சத்தியம் இது ஒன்றுதான்: மனிதன் சந்தர்ப்பத்தில் திறந்துகொள்கிறவன். காகிதத்தில் இருக்கிற மனிதனுக்கே இவ்வளவு இடம் கொடுக்கிற நாம், ரத்தமும் சதையுமாக நம் வீட்டில் வளர்கிற பதினைந்து வயதுக்கு அந்த இடத்தைக் கொடுக்க மாட்டோமா?

பரீட்சை வைத்தே தீரவேண்டும் என்றால் வையுங்கள், மாவட்டத்துக்கு வையுங்கள். கடலூர் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகளில் கணக்கு ஆசிரியர் இருக்கிறார்? எத்தனை ஆய்வுக்கூடங்களில் பூட்டு துருப்பிடித்திருக்கிறது? எத்தனை கிராமத்துப் பெண்கள் மாலையில் பஸ் இல்லாததால் கல்லூரியை விட்டார்கள்? அந்த மதிப்பெண்களைப் பத்திரிகையில் போடுங்கள். பிள்ளைகளை வருஷத்துக்கு நாலு தடவை பரங்கிப்பேட்டைக்கும் நெய்வேலிக்கும் கடலூர்க் கோர்ட்டுக்கும் அண்ணாமலைநகருக்கும் அழைத்துப் போங்கள்; வேலை செய்கிறவர்களோடு பேச விடுங்கள். நாட்டத்தாள் கொடுத்தே ஆகவேண்டுமானால், அதைப் பிள்ளையின் கையில் மட்டும் கொடுங்கள். எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று முடிவு செய்கிற தலைமையாசிரியர் மேஜைக்கு அது போகக் கூடாது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தாள் உங்கள் வீட்டுக்கு வந்தால், அதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்காதீர்கள். பிள்ளையைப் பார்த்து, "உனக்கு என்னவாக ஆசை?" என்று கேளுங்கள். அவன் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் சந்தோஷப்படுங்கள். பதினைந்து வயதில் அதுதான் ஆரோக்கியமான பதில்.