பிளஸ் டூ கம்ப்யூட்டர் படிப்பும் விருத்தாசலத்துச் சூளையும்

பிளஸ் டூவில் இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் படித்து முடித்த பிள்ளை என்ன செய்யத் தெரிந்தவனாகப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வருகிறான்? பெற்றோர்கள் கேட்கிற கேள்வி இது. உபாத்தியாயர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். செய்முறைத் தேர்வில் முழு மார்க்கு என்பது ஒரு பதில்தான். ஆனால் அந்த மார்க்கை வைத்துக்கொண்டு பக்கத்து மளிகைக் கடைக்காரரின் கடன் நோட்டையாவது கம்ப்யூட்டரில் ஒழுங்கு செய்து கொடுக்க முடியுமா என்றால், பெரும்பாலோர் தயங்கத்தான் செய்வார்கள்.

இந்தத் தயக்கத்தைப் போக்குவதற்கு ஒரு வழி இருக்கிறது. பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில், அதுவரை கற்றதையெல்லாம் ஒன்றுதிரட்டி, மாணவனே ஒரு முழு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்து காட்டும்படி ஏற்பாடு செய்வது. 'நிறைவுப் பணி' என்று அதைச் சொல்லலாம். இங்கிலாந்தில் உயர்நிலை கம்ப்யூட்டர் படிப்புக்கு மொத்த மதிப்பெண்ணில் 20 சதவிகிதம் இத்தகைய வேலைக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டிலும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் இதை வைத்திருக்கிறது. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலில் செய்முறைக்கு உள்ள 30 மதிப்பெண்ணில் 8 இதற்கு உண்டு. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, கெடு தேதிக்கு ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும் என்பது அந்த வாரியத்தின் யோசனை.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் நிலைமை வேறு. 2018-19-இல் தொடங்கிய பாடத்திட்டம் தரத்தில் குறைந்ததல்ல. பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைதான், அதோடு தகவல் தளங்களைக் கையாளும் மொழி என்று கணினி அறிவியல் புத்தகம் கனமாகவே இருக்கிறது. வணிகப் பிரிவு மாணவர்களுக்குக் கணினிப் பயன்பாடுகள், தொழிற்கல்விப் பிரிவுக்குக் கணினித் தொழில்நுட்பம் என்று தனித்தனிப் புத்தகங்களும் வந்தன. நூறு மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. குறை எங்கே என்றால் அந்த இருபதில்தான் இருக்கிறது. செய்முறைப் பயிற்சிகள் புத்தகத்திலேயே வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. பரீட்சைக்கு வருவதும் அவைதாம். ஆகவே மாணவன் நிரலை மனப்பாடம் செய்கிறான், அரைப்புள்ளி தவறாமல் தட்டச்சு செய்கிறான், மார்க்கு வாங்குகிறான். அது என்ன காரியத்துக்கு என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

இந்தக் கவலை கம்ப்யூட்டரோடு பிறந்ததுமல்ல. டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் கூடிய இடைநிலைக் கல்விக் கமிஷன், பலவகைத் தொழில் பாடங்களையும் சொல்லிக்கொடுக்கும் பல்நோக்கு உயர்நிலைப் பள்ளிகள் வேண்டும் என்றது. பள்ளிகள் திறக்கவும் பட்டன. பட்டறைகள் வந்தன, இயந்திரங்கள் வந்தன. சொல்லிக்கொடுக்கத் தக்க ஆசிரியர்கள் போதிய அளவில் வரவில்லை. மேற்படிப்பும் பழைய தடத்திலேயே போய்க்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் அந்த ஏற்பாடு தேய்ந்து போயிற்று. கோத்தாரி கமிஷன் (1964-66) 'வேலை அனுபவம்' என்று அதே விஷயத்தை வேறு பெயரில் சொல்லிற்று.

கம்ப்யூட்டர் விஷயத்தில் இயந்திரங்களுக்குப் பஞ்சம் என்று இன்று சொல்ல முடியாது. 1984-இல் மத்திய சர்க்கார் பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறிமுகத் திட்டத்தைத் தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து வந்த பி.பி.சி. மைக்ரோ இயந்திரங்கள் நாடு முழுவதற்குமாக முதலில் 250 பள்ளிகளுக்குத்தான் கிடைத்தன. இப்போது தமிழ்நாட்டில் மட்டும் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கும் திட்டம் நிறைவேறியிருக்கிறது. 2019-இல் 814 கணினிப் பயிற்றுநர் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் பரீட்சை நடத்திற்று. ஆனாலும் கம்ப்யூட்டர் வாத்தியார் பாடம் நடத்துவதோடு நின்றுவிட முடிவதில்லை. பள்ளியின் புள்ளிவிவரங்களை ஏற்றுவது, சான்றிதழ் அச்சிடுவது, பழுதான இயந்திரத்துக்கு வைத்தியம் பார்ப்பது எல்லாம் அவர் தலையில் வந்து விழுகின்றன. நிறைவுப் பணி வைப்பதானால் முதலில் அவருடைய நேரத்தை மீட்டுக் கொடுத்தாக வேண்டும்.

ஊரில் இருக்கிறது பாடம்

சரி, மாணவர்கள் எதைச் செய்வது? இங்கேதான் பல திட்டங்கள் தடுமாறுகின்றன. 'நூலக மேலாண்மை', 'மருத்துவமனைப் பதிவு' என்று பட்டணத்தில் யாரோ எழுதிய பட்டியலைக் கிராமத்துப் பிள்ளை கையில் கொடுத்தால், அவன் அதை எங்கிருந்தாவது நகல் எடுத்துத்தான் கொடுப்பான். வேலை அவனுக்குத் தெரிந்த இடத்திலிருந்து பிறக்க வேண்டும்.

கடலூர் மாவட்டம் நல்லூர் ஒன்றியத்துப் பிள்ளைகளையே எடுத்துக்கொள்ளலாம். பஸ் ஏறினால் விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலுக்குப் பெயர் பெற்ற அந்த ஊருக்குப் பீங்கான் தொழிலாலும் ஒரு பெயர் உண்டு. மின்சாரப் பியூஸ் கட்டைகள், இன்சுலேட்டர்கள், பொம்மைகள், கார்த்திகைக்கு அகல் விளக்குகள் எல்லாம் அங்குள்ள சிறு தொழிற்கூடங்களில் உருவாகின்றன. அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றும் அங்கேயே இருக்கிறது. கணக்குப் போட இதைவிட நல்ல இடம் வேறு வேண்டுமா?

ஓர் உதாரணம். களிமண் கலவையை அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையில் சுட்டால் அது சுருங்கும். கலவைக்குக் கலவை சுருக்கம் மாறும். மொத்தச் சுருக்கம் நூற்றுக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். சுட்ட பிறகு 100 மில்லிமீட்டர் நீளம் வேண்டுமென்றால் அச்சு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? 112 என்று சட்டென்று பதில் வரும். அது தப்பு. 112-இல் நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கினால் 98.56 தான் மிஞ்சும். ஒன்றரை மில்லிமீட்டர் குறைந்த பியூஸ் கட்டை அதன் கூட்டில் சரியாக உட்காராது. சுட்ட சரக்கு அத்தனையும் வீண். சரியான வழி, 100-ஐ 0.88-ஆல் வகுப்பது. அச்சு 113.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

இதை பைதானில் எழுத நாலு வரி போதும். அதோடு வேலை முடிந்துவிடாது என்பதுதான் இதில் உள்ள விசேஷம். பன்னிரண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? சுடுவதற்கு முன்னும் பின்னும் இருபது உருப்படிகளை அளந்து பார்க்க வேண்டும். இருபதும் ஒரே மாதிரி சுருங்கியிருக்காது. சூளையில் சூடு அதிகமான மூலையில் இருந்தது ஒரு மாதிரி, வாசலருகே இருந்தது இன்னொரு மாதிரி. சராசரி எடுத்தால் போதுமா, ஏற்ற இறக்கத்தையும் காட்ட வேண்டுமா? பட்டறைக்காரர் அங்குலத்தில் கேட்டால்? எண் போட வேண்டிய இடத்தில் யாரோ எழுத்தைத் தட்டிவிட்டால்? புத்தகத்தில் உள்ள பயிற்சி இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை; பட்டறை கேட்கும்.

சூளையின் வெப்பக் குறிப்பேடு இன்னொரு நல்ல வேலை. மண்ணில் உள்ள குவார்ட்ஸ் என்ற பொருள் 573 டிகிரி சென்டிகிரேடில் திடீரென்று தன் பருமனை மாற்றிக்கொள்கிறது. சூளை ஆறும்போது அந்தக் கட்டத்தை அவசரமாகக் கடந்தால் பாத்திரம் விரிசல் விடும். அரை மணிக்கு ஒரு தரம் வெப்பத்தைக் குறித்து வைத்து, அதை வரைபடமாக்கி, உடைந்த உருப்படிகளின் எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்த்தால் எந்தச் சூடு நன்றாய் அமைந்தது என்று தெரியும். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. பட்டறையில் ஏற்கனவே இருக்கும் வெப்பமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். இக்காலத்தில் எதற்கெடுத்தாலும் ஒரு உணர்கருவியைப் பொருத்திவிட்டால்தான் விஞ்ஞானம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது பிறகு வரட்டும்.

வணிகப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அகல் விளக்கு இருக்கிறது. ஆர்டர் எவ்வளவு, சுட்டது எவ்வளவு, உடைந்தது எவ்வளவு, உருப்படிக் கணக்கில் கூலி பெறுகிறவருக்கு வாரக் கடைசியில் சேர வேண்டியது எவ்வளவு என்பதெல்லாம் அவர்கள் படிக்கும் கணக்குப் பதிவியலேதான். கூலிக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது; அதைவிடக் கண்டிப்பான பரீட்சை அதிகாரி யார்?

காலம் எங்கே?

திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2017-18-இல் கொண்டுவரப்பட்ட பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வை, 2025 ஆகஸ்டில் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 முதல் அரசு ரத்து செய்துவிட்டது. அந்த வருஷத்தின் பிற்பகுதி இனி மூச்சுவிட இடம் தரும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மாணவர்கள் மூன்று பேராகச் சேர்ந்து பட்டறைக்கோ கடைக்கோ பால் சொசைட்டிக்கோ போய், வேலையைப் பார்த்து, பிரச்னையை ஒரு பக்கத்தில் எழுதட்டும். அந்த ஒரு பக்கம் சரியாக அமையாவிட்டால் நிரல் எழுத விடக்கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கட்டுவது. அக்டோபரில் பட்டறைக்காரர் கையிலேயே கொடுத்துப் பார்ப்பது. கார்த்திகைக்கு முந்தைய நெருக்கடியான காலம் அது, ஆகவே பழுதெல்லாம் தானே வெளிவந்துவிடும். நவம்பரில் திருத்தம். டிசம்பருக்குள் முடிந்துவிட்டால் செய்முறைத் தேர்வுக்கும் பொதுத் தேர்வுக்கும் இடைஞ்சல் இல்லை. வாரத்துக்கு இரண்டு பாடவேளை போதும், அவை அடுத்தடுத்து இருக்குமானால். முக்கால் மணியில் இயந்திரத்தைத் திறந்து மூடவே சரியாகப் போய்விடும்.

இதில் பெரிய பயம் ஒன்று உண்டு. அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. நகல். கல்லூரிகளின் கடைசி வருஷ 'பிராஜெக்ட்' இன்று பல ஊர்களில் கடையில் விலைக்குக் கிடைக்கிறது. கேட்ட நிரலை நொடியில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் பிள்ளைகள் கைப்பேசியிலேயே வந்துவிட்டது. இங்கிலாந்து இதில் ஏற்கனவே கையைச் சுட்டுக்கொண்டது. அங்கே பத்தாம் வகுப்புக்கு ஒப்பான தேர்வில் கம்ப்யூட்டர் செயல்பணிகளுக்கான விடைகள் இணையத்தில் வெளியாகிவிட்டதால், 2018 முதல் அந்த 20 சதவிகிதத்தை மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை என்று தேர்வு ஒழுங்கு அமைப்பு முடிவு செய்ய நேர்ந்தது. அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சில பொதுவான கேள்விகள்தான் தரப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே கேள்வி ஆயிரம் பள்ளிகளுக்குப் போனால், ஒரே விடை ஆயிரம் பள்ளிகளிலிருந்து திரும்பி வரும்.

விருத்தாசலத்தில் ஒரு குறிப்பிட்ட பட்டறையில் அளந்த இருபது பியூஸ் கட்டைகளின் அளவு எந்தக் கடையிலும் விலைக்கு வராது. நிரலை இயந்திரமே எழுதிக் கொடுத்திருந்தாலும் பாதகமில்லை. தேர்வாளர் மாணவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "சுருக்கம் நூற்றுக்குப் பத்தாகக் குறைந்தால் உன் கணக்கில் எந்த வரியை மாற்றுவாய்? ஏழாவது உருப்படி ஏன் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது?" என்று பத்து நிமிஷம் பேசினால் போதும், வண்டவாளம் வெளியே வந்துவிடும். அதற்குத் தேர்வாளர்களைத் தயார் செய்வதுதான் கடினமான வேலை. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் மூவருக்கு ஒரு குழுவென்றால் பதின்மூன்று, பதினான்கு குழு. தலைக்குப் பத்து நிமிஷம் கேட்டால் ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே நாளில் இரண்டு பிரிவுகளுக்கு இருபது மதிப்பெண்ணையும் போட்டு முடித்துவிட்டு ஊருக்குப் பஸ் பிடிக்கிற இப்போதைய வழக்கத்தில் அது அடங்காது. இருபதில் பத்தை நிறைவுப் பணிக்கு ஒதுக்குவதானால், புறத்தேர்வாளருக்கு இன்னொரு நாள் படி கொடுக்கவும் அரசு தயாராக இருக்க வேண்டும்.