“உள்ளூர்க் குப்பை” என்ற சொல்லுக்கு ஒரு மறுப்பு

உப்புவெளிக் கடற்கரையை அண்டிய விடுதியொன்றின் முன்மண்டபத்தில், சீமெந்து மேடையில் பூட்டி நிறுத்தப்பட்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து பீ.எஸ்.ஏ., எம் 20 வகை. புத்தம்புதுக் காக்கிப் பச்சை வர்ணம், சுருக்கம் விழாத தோல் இருக்கை, பின்சட்டத்தில் ஒரு குரோட்டன் சாடி. வருகிற உல்லாசப் பயணிகள் அதன்மேல் ஏறியிருந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். விடுதியின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் என் சண்டை முதலாளியோடு என்றாகிவிடும். என் சண்டை அவர் சொன்ன ஒரு சொல்லோடு மட்டுந்தான்.

“வாங்கும்போது பார்க்கச் சகிக்காது, ஐயா. எழுபது வருசத்து உள்ளூர்க் குப்பை முழுவதையும் சுமந்துகொண்டு கிடந்தது. எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, இங்கிலாந்திலிருந்து சாமான் எடுப்பித்துப் பூட்டினேன். வெள்ளைக்காரன் செய்தபடியே இப்போது நிற்கிறது. அவன் செய்தது, அதுதான் இன்றைக்கும் நிற்கிறது” என்றார்.

“ஓடுமா?” என்று கேட்டேன்.

“எதற்கு ஓட வேண்டும்? காட்சிக்குத்தானே.”

இந்த உரையாடலை நான் மரியாதையாகச் சிரித்துக் கடந்திருக்கலாம். முடியவில்லை. ஏனெனில் “வெள்ளைக்காரன் செய்தது, அதுதான் நிற்கிறது” என்ற வாக்கியத்தைத் திருகோணமலையில் என் வயதுக்காரர் பலர் வேதவாக்காகவே ஒப்புவிப்பதைப் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறேன். பாலத்தைப் பற்றிச் சொல்வார்கள், எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிச் சொல்வார்கள், மோட்டார் சைக்கிளைப் பற்றியும் சொல்வார்கள். மற்றவற்றை விடுவோம். மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை அது பொய். அந்த வண்டிகளைச் செய்தவர்கள் பிரித்தானியர் என்பது உண்மை. அவை நின்றது அவர்களால் அல்ல என்பது அதனினும் பெரிய உண்மை.

முதலில் என் வாக்குமூலம். இந்த வண்டிகள்மீது எனக்கு வெறுப்புக் கிடையாது. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் கையளிக்கப்பட்ட பின்னர், துறைமுகத்தில் வேலைபார்த்த ஒருவரிடம் என் அப்பா வாங்கிய வண்டியும் இதே எம் 20தான். அதை உயிர்ப்பிப்பது ஒரு சிறு பூசை. காபுரேற்றரின் குமிழை அழுத்திப் பெற்றோலைக் கசியவிட வேண்டும். தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளும் பிடியைத் திருப்ப வேண்டும். வால்வைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல இறக்கி, சரியான இடம் காலில் தட்டுப்பட்டதும் ஒரே உதை. அவசரப்பட்டால் அது திருப்பி உதைக்கும். உயிர்வந்த பிறகு ஒற்றைச் சிலிண்டரின் அந்த நிதானமான அடி, ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய அடி, உவர்மலையில் கிளம்பினால் எங்கள் ஒழுங்கைக்குக் கேட்கும் என்று அம்மா சொல்வார். இன்றைய வண்டிகள் இரைகின்றன. அது பேசியது. இந்த ஈர்ப்பு எனக்கு விளங்காமல் இல்லை.

ஆனால் ஈர்ப்பு வேறு, வரலாறு வேறு.

பீ.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்தின் விரிவு ‘பேர்மிங்ஹாம் சிறு ஆயுத நிறுவனம்’ என்பதாகும். 1861இல் துப்பாக்கி செய்வோர் கூடி அமைத்த நிறுவனம் அது. மோட்டார் சைக்கிளுக்கு 1910இல்தான் வந்தது. ரொயல் என்பீல்ட் என்ற பெயரிலுள்ள ‘என்பீல்ட்’ அரச துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊரின் பெயர். ‘துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது’ என்பதே அந்த வண்டியின் விளம்பர வாசகம். ஆக, இந்த இரும்புகளின் பூர்வீகம் பொற்காலமும் அல்ல, பூந்தோட்டமும் அல்ல. ஆயுதச் சாலை. 1939க்கும் 1945க்கும் இடையில் ஒரு இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட எம் 20 வண்டிகள் போருக்காக வார்க்கப்பட்டன. அவற்றைச் செய்தவர்களும் அதற்கு விலை கொடுத்தார்கள். 1940 நவம்பரில் ஜேர்மன் விமானங்கள் கொவென்றியில் ட்ரையம்ப் தொழிற்சாலையைத் தரைமட்டமாக்கின. அதே மாதத்தில் பேர்மிங்ஹாம் பீ.எஸ்.ஏ. ஆலைமீது விழுந்த குண்டுகளில் 53 தொழிலாளர் மாண்டார்கள். அந்தப் போரின் ஒரு நுனி 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்களாகத் திருகோணமலைக்கும் வந்தது. விடுதியிலிருந்து நிலாவெளி வீதிக்கு ஏறினால் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. படம் எடுக்கும் பிள்ளைகள் அங்கேயும் ஒருமுறை போய்வருவது நல்லது.

போருக்குப் பின் என்ன நடந்தது? உலகச் சந்தை முழுவதும் பிரித்தானிய வண்டிகளின் கையில் இருந்தது. ட்ரையம்ப் நிறுவனத்தின் எட்வர்ட் டேர்ணர் 1930களில் வடிவமைத்த இரட்டைச் சிலிண்டர் எஞ்சினை, மெருகேற்றியும் பெருப்பித்தும், முப்பது வருடங்களுக்கு மேலாக விற்றார்கள். 1959இல் வந்த புகழ்பெற்ற பொனவில்லும் அதன் வழித்தோன்றலே. எண்ணெய் கசிந்தது, அது குணம் என்றார்கள். விளக்கு அணைந்தது, மின்கருவி செய்த லூக்காஸ் நிறுவனத்துக்கு ‘இருளின் இளவரசர்’ என்று பட்டம் சூட்டிச் சிரித்தார்கள். 1960இல் டேர்ணரே ஜப்பானுக்குப் போய், அங்குள்ள ஆலைகளின் வேகத்தையும் ஒழுங்கையும் கண்டு, ஊர் திரும்பி எச்சரித்தார். முதலாளிமார் கேட்டுக்கொண்டார்கள், கேட்டதோடு சரி. மறு ஆண்டிலேயே மான் தீவுப் பந்தயத்தில் ஹொண்டா வென்றது. 1969இல் நான்கு சிலிண்டரும், பொத்தானை அழுத்தினால் உயிர்பெறும் ஸ்ராட்டரும், முன்சில்லில் தட்டுப் பிரேக்கும் கொண்ட ஹொண்டா 750 வந்தது. எண்ணெய் கசியவில்லை.

அத்தோடு முடிந்தது. ரொயல் என்பீல்டின் ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. பீ.எஸ்.ஏ. 1973இல் நோர்ட்டன் குழுமத்துக்குள் அமிழ்ந்து மறைந்தது. அதே ஆண்டில் ட்ரையம்பின் மெரிடன் ஆலையையும் மூடப் போகிறோம் என்றபோது, அங்கிருந்த தொழிலாளர் ஆலைக்குள்ளேயே குந்தியிருந்து போராடினார்கள். பின்னர் கூட்டுறவாக அதை 1983 வரை இழுத்து நடத்தினார்கள். ஆகவே பிரித்தானியத் தொழிலாளியை நான் பழிக்கவில்லை. வண்டியைக் கைவிட்டது இலாபத்தை எடுத்துக்கொண்டு இயந்திரத்தைப் புதுப்பிக்க மறுத்த மேசைகள். ‘வெள்ளைக்காரன் செய்தது நிற்கிறது’ என்பவர்களிடம் கேட்கிறேன்: வெள்ளைக்காரனின் ஊரிலேயே நிற்கவில்லையே, ஏன்?

அது எங்கே நின்றது என்று நான் சொல்கிறேன். திருவொற்றியூரில் நின்றது.

இந்திய இராணுவத்துக்கு எல்லைக் காவலுக்காக புல்லட் வண்டிகள் தேவைப்பட்டன. 1955இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டோர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து என்பீல்ட் இந்தியா உருவானது. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். சில ஆண்டுகளில் வண்டி முழுவதையும் திருவொற்றியூரிலேயே செய்யத் தொடங்கினார்கள். ரெடிச் ஆலை மறைந்த பிறகும் புல்லட் அங்கே வார்க்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 1977இல் சென்னையில் செய்த புல்லட்டைக் கப்பலேற்றிப் பிரித்தானியாவுக்கே விற்றார்கள். தாயகம் தொலைத்த பிள்ளையைத் தமிழ்த் தொழிலாளி வளர்த்துக் காட்டி அனுப்பினான் என்றால் மிகையில்லை.

இன்று இந்தப் பெயர்களின் உரித்து யாரிடம்? நோர்ட்டனை 2020 ஏப்ரலில் 16 மில்லியன் பவுணுக்கு வாங்கியது டீ.வீ.எஸ். பீ.எஸ்.ஏ. என்ற பெயரை 2016இல் வாங்கியது மஹிந்திராவின் துணை நிறுவனம். ட்ரையம்பின் 400 சீசீ வண்டிகள் 2023 முதல் புனேக்கு அருகே பஜாஜின் சாக்கன் ஆலையில் செய்யப்படுகின்றன. இதைச் சொல்லி மார்தட்ட நான் வரவில்லை. பெயரை வாங்குகிறவர் விற்பதும் நினைவேக்கத்தைத்தான். வெள்ளைக்கார முதலாளியின் இடத்தில் இந்திய முதலாளி அமர்ந்ததால், கடைசல் இயந்திரத்தின் முன் நின்றவனின் பெயர் வண்டியில் பொறிக்கப்பட்டுவிடவில்லை.

இனி நமது தீவுக்கு வருவோம். நமக்குத் திருவொற்றியூர் கிடையாது. நமக்கு இருந்தது வீட்டுக் கொட்டிலில் கராஜ் வைத்திருந்த பாஸ்மார். அப்பாவின் வண்டியைப் பார்த்தவர் இளவயதில் துறைமுகப் பட்டறையில் வேலை பழகியவர். அந்த வண்டியின் நட்டுகள் விற்வேர்த் அளவில் வெட்டப்பட்டவை. இன்றைய மில்லிமீற்றர் ஸ்பானர் அவற்றில் சரியாகப் பிடிக்காது. பாஸிடம் அந்த ஸ்பானர்களின் முழுத் தொகுதியும் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி இருந்தது. இல்லாத பாகத்தை அவர் எழுதிப்போட்டு வரவழைக்கவில்லை. உடைந்த படகு ஒன்றின் பித்தளைத் துண்டைக் கடைந்து புஷ் செய்தார். பிஸ்கட் பெட்டி மட்டையில் காஸ்கட் வெட்டினார். அந்த வண்டியில் அவர் எழுதிய பகுதி, பேர்மிங்ஹாமில் எழுதிய பகுதியைவிடக் குறைந்ததல்ல. 1990 யூனில் நாங்கள் உடுத்த உடையோடு வெளியேறினோம். திரும்பி வந்தபோது வண்டியும் இல்லை, கராஜும் இல்லை, பாஸும் இல்லை.

அந்த 1990களில் வடக்கில் பெற்றோல் தடை. எஞ்சினைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்துச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். பள்ளிக்கூடமும் ஆசுபத்திரியும் அவ்வாறுதான் நடந்தன. உண்மையை ஒளிக்காமல் சொன்னால், அந்த நாட்களில் நம்மைச் சுமந்தவை பெரும்பாலும் ஜப்பானிய வண்டிகள்; ட்ரையம்பும் நோர்ட்டனும் அல்ல. ஆனால் ஜப்பானிய வண்டியோ பிரித்தானிய வண்டியோ, அதைச் செய்த எந்த நாடும் அது மண்ணெண்ணெயில் ஓட வேண்டுமென்று வரையவில்லை. ஓட வைத்தது நம்மவரின் கை. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் திறக்கப்படும் வரை, இந்த நாடு பழைய வண்டிகளில்தான் ஓடியது. அவற்றை ஓட்டியவர்களும் அதே கொட்டில் பாஸ்மார்தான். அவர்களுக்கு யார் மேடை கட்டினார்?

“அவர் வாங்காவிட்டால் அந்த வண்டி பழைய இரும்புக்குப் போயிருக்குமே” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. போயிருக்கும். அதற்காக முதலாளிக்கு நன்றி. ஆனால் காப்பாற்றுவதற்கும் கழுவித் துடைப்பதற்கும் வேறுபாடு உண்டு. கழற்றிய சாமான்களை ஒரு சாக்கில் கட்டிப் பின்வளவில் போட்டிருந்தார். அவிழ்த்துப் பார்த்தேன். இரும்புக் கம்பியை வளைத்து ஒட்டிய கிக்கர். ஹொண்டா காபுரேற்றரைப் பொருத்துவதற்கென அரத்தால் அராவிய அலுமினியத் தகடு. கையால் கடைந்த புஷ்கள். அடியில் பழைய இலக்கத் தகடு, ஆங்கில எழுத்தோடு. வாகனத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ வருவதற்கு முந்திய பதிவு அது. அந்த ஓர் எழுத்துக்காக 1958இல் இந்த நாட்டில் தார் பூசி, மறியல் இருந்து, சிறை போனார்கள். அத்தனையையும் பார்த்த தகட்டைக் கழற்றிவிட்டு, யாரோ ஒரு பிரித்தானியப் படையணியின் போலி இலக்கத்தை வெள்ளையில் எழுதியிருக்கிறார்கள். 1942இலிருந்து நேரே இன்றைக்குத் தாவிய வண்டியாம். இடையில் நாம் இருக்கவே இல்லையாம்.

இதைத்தான் நான் மறுக்கிறேன். பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிளின் மகத்துவம் அது பிரித்தானியாவில் பிறந்தது என்பதல்ல. திறந்து பார்க்க முடிந்தது, விளங்கிக்கொள்ள முடிந்தது, சாதாரண மனிதன் தன் கையாலேயே திருத்த முடிந்தது என்பதே. இன்று கணினி பொருத்தி மூடி வரும் வண்டிகளுக்கு நோய் என்னவென்று அறியவே நிறுவனத்தின் கருவி வேண்டியிருக்கிறது. பழசின் பெருமை பேசுகிறவர்கள் போராட வேண்டியது இந்த இடத்தில்: திருத்தும் உரிமைக்காகவும், திருத்துகிறவனின் மதிப்புக்காகவும். தொட்டியைத் துடைத்துப் படம் எடுப்பது போராட்டமல்ல.

விடுதி முதலாளிக்கு என் கோரிக்கை மூன்று. வண்டியை மேடையிலிருந்து இறக்கி ஓட வையுங்கள். ஓட வைக்கத் தெரிந்த முதியவர் இன்னும் ஓரிருவர் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள், அவர்களோடு நான்கு இளைஞரைச் சேர்த்துவிடுங்கள். பழைய இலக்கத் தகட்டைத் திரும்பப் பூட்டுங்கள். விளக்கப் பலகையில், இந்த வண்டி பேர்மிங்ஹாமில் செய்யப்பட்டது என்ற வரிக்குக் கீழே, திருகோணமலையில் எழுபது வருடம் திருத்தப்பட்டது என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

சாக்கை நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். பழைய இரும்பின் விலையைக் கொடுக்கப் போனேன், அவர் வாங்கவில்லை. இப்போது அது என் வீட்டு விறாந்தையில் இருக்கிறது. மனம் மாறினால் அவர் எந்த நேரமும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.