மாட்டுக்கு ஊசி போட எதற்குப் பட்டம்?

செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு மாடு வைத்திருப்பவர்களிடம் வைத்தியம் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கை பழகினவன் ஊசி போட்டா போதாதா? அதுக்கு எதுக்குங்க பட்டமும் ரிஜிஸ்டர் நம்பரும்?" படித்தவர்களும் இதையே கொஞ்சம் நயமாகச் சொல்கிறார்கள். பதிவு பெற்றவர்தான் சிகிச்சை தரலாம் என்ற சட்டம் ஏழை விவசாயியின் கையைக் கட்டுகிறதாம்.

சட்டம் சொல்வது வேறு. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 30ஆவது பிரிவில், பதிவு பெற்ற மருத்துவரைத் தவிர வேறு யாரும் மருத்துவம் பார்க்கக் கூடாது என்கிறது. அதே பிரிவிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. உரிய சான்றிதழ்ப் பயிற்சி முடித்த உதவியாளர்களுக்கு மாநில அரசு அனுமதி தரலாம். மருத்துவரின் மேற்பார்வையில் அவர்கள் தடுப்பூசி போடலாம், காயடிக்கலாம், புண்ணுக்குக் கட்டுப் போடலாம். அந்த மேற்பார்வை பல இடங்களில் காகிதத்தோடு நின்றுவிடுகிறது என்பது உண்மை. அது நடைமுறையின் குறை.

பாட்டி வைத்தியத்தை ஒழிக்க வந்த சட்டம் என்ற புகாருக்கும் ஆதாரமில்லை. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் பூசும் முறையை ஊர் ஊராகக் கொண்டுபோனவரே தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்திதான்.

இனி அனுபவம். முரட்டு மாட்டைக் கயிறு போட்டு நிறுத்துவதில், மாடு இரை எடுக்காததை முதலில் கவனிப்பதில், ஊர்க்காரரை மிஞ்ச எந்த டாக்டராலும் முடியாது. ஆனால் ஒரு காட்சியைப் பாருங்கள். கன்று ஈன்ற மறுநாள் கறவை மாடு எழ முடியாமல் கிடக்கிறது. கழுத்து விலாப்பக்கம் மடங்கியிருக்கிறது, காது சில்லிட்டிருக்கிறது. பால் காய்ச்சல். நரம்பில் கால்சியம் ஏற்றினால் பல மாடுகள் கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றுவிடும்; பார்ப்பவருக்கு மந்திரம் போலத்தான் இருக்கும். அதே கால்சியம் வேகமாக இறங்கினால் இதயம் நின்றுவிடும். அதனால்தான் மருத்துவர் ஒரு கையில் பாட்டிலை ஏற்றி இறக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துத் துடிப்பைக் கேட்டபடியே இருக்கிறார். பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியவர் பாட்டிலைப் பார்த்திருப்பார். டாக்டரின் காதில் என்ன விழுந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அதைக் கேட்டறியத்தான் நாலரை வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. எச்சில் ஒழுக, தண்ணீர் விழுங்க முடியாமல் மாடு தவித்தால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிடுவது வழக்கம். வெறிநாய் கடித்த மாட்டுக்கும் அதே அறிகுறிதான். கைவிட்டவர் உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ளாவிட்டால் அவர் உயிருக்கு யார் பொறுப்பு?

"ராஜா தேசிங்கு குதிரைக்கு எந்தக் கவுன்சில் டாக்டர் வந்தார்?" என்று செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் லாயத்தைக் காட்டிக் கேட்ட பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். ரசித்துச் சிரித்தேன். ஆனால் அந்தப் பழைய காலத்தில் வெக்கை நோய் வந்தால் பட்டி பட்டியாக மாடுகள் செத்தன. வேப்பேரியில் 1903இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. தடுப்பூசி ஊர்தோறும் போனது. 2011இல் அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். கைப்பழக்கம் மட்டும் அதைச் செய்திருக்காது.

"வாயில்லா ஜீவன்தானே, மனுஷனுக்கு என்ன ஆகப்போகுது" என்பது இவற்றில் மோசமான வாதம். ஆன்டிபயாடிக் போட்ட ஆட்டை எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. மருந்துக்கெனத் தனிக் காலம் குறிக்கப்படாவிட்டால் இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள், பாலுக்கு 7 நாள். செவ்வாய்க்கிழமை ஊசி போட்ட ஆடு வெள்ளிக்கிழமை சந்தையில் நின்றால் அந்த மருந்து யார் இலையில் வந்து விழும்? பதிவில்லாதவர் ஊசி போட்டால் சீட்டும் இருக்காது, கணக்கும் இருக்காது. டைக்ளோஃபினாக் கதை இதைவிடப் பெரியது. விலை மலிவு, வலி குறையும் என்று மாட்டுக்குக் கண்டபடி போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்த பிறகும், மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் குப்பி அளவையே 3 மில்லியாகச் சுருக்க வேண்டியதாயிற்று. அதை எதிர்த்து மருந்துக் கம்பெனிகள் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது.

டாக்டர்கள் தங்கள் வருமானத்துக்கு வேலி போட்டுக்கொண்டார்கள் என்கிறார்கள். அரசு மருந்தகத்தில் சிகிச்சைக்குக் காசு இல்லை. காசு வாங்குவது வீட்டுக்கு வரும் ஊசிக்காரர். காப்பீடு செய்த மாடு செத்தால் சான்றிதழில் கையெழுத்துப் போடும் உரிமையும் பதிவு பெற்றவருக்குத்தான். பதிவு எண் வெறும் காகிதம் என்று பேசியவர்களே அன்றைக்கு அந்தக் கையெழுத்துக்காக மருந்தக வாசலில் நிற்கிறார்கள்.

மிச்சம் இருப்பது ஒரே ஒரு வாதம். அதுதான் கனமானது. ராத்திரி இரண்டு மணிக்கு, கன்று குறுக்கே மாட்டிக்கொண்டு பசு முக்கும்போது, டாக்டர் எங்கே? ஐயாயிரம் மாட்டுக்கு ஒரு மருத்துவராவது வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976இலேயே சொன்னது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும். எல்லா நேரத்திலும் எல்லா ஊருக்கும் வந்துவிடுமா என்றால், இல்லை. இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது காலிப் பணியிடங்களின் மேல் போக வேண்டிய கோபம். பதிவு முறையை எடுத்துவிட்டால் அந்த இரவில் டாக்டர் ஒருவர் கூடுதலாக வந்து நிற்கப்போவதில்லை.

செஞ்சி வட்டத்துக்கு இரவுப் பணியில் ஒரு மருத்துவர் வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடலாம். மாநிலக் கவுன்சில் பதிவேட்டில் இருக்கும், பக்கத்தில் தனியாகத் தொழில் செய்யும் மருத்துவர்களின் பெயரையும் போன் நம்பரையும் ஒவ்வொரு பால் சங்கத்தின் சுவரிலும் எழுதச் சொல்லலாம். அதற்கு ஒரு டப்பா பெயிண்ட் போதும்.