பிள்ளை நல்லாத்தானே இருக்கு?

"பிள்ளை நல்லாத்தானே இருக்கு, பிறகேன் மருந்து?" எங்கட வீடுகளில் வழமையான கேள்விதான். எச்.ஐ.வி. தொற்றோடு பிறந்த குழந்தைகள் விடயத்தில், 2008 வரைக்கும் பல நாடுகளின் வைத்தியமும் ஏறத்தாழ இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர்கள் பார்த்தது சி.டி.4 எண்ணை. வைரஸ் அழிக்கிற வெண்குருதிக் கலங்களில் எவ்வளவு மிச்சம் எண்டு அது சொல்லும். மற்ற எண் வைரஸ் சுமை, குருதியில் எவ்வளவு வைரஸ் இருக்கு எண்ட கணக்கு. வளர்ந்த ஒருவருக்குத் தொற்றினால் சில மாதங்களில் அந்தச் சுமை இறங்கி ஓரளவில் நிற்கும். கைக்குழந்தைக்கு அப்படியில்லை. மில்லிலீற்றருக்குப் பத்து இலட்சத்தைத் தாண்டும், இறங்க வருடக்கணக்காகும். சி.டி.4 கலங்களோ குழந்தைகளுக்கு இயல்பிலேயே மிக அதிகம். 1000 எண்டால் எனக்கும் உங்களுக்கும் நல்ல எண். ஆறு மாதக் குழந்தைக்கு அது ஆபத்து. அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்கு நூற்றுவீதத்தில் பார்ப்பார்கள்.

அந்த நூற்றுவீதமும் கைவிட்ட கதைதான் தென்னாபிரிக்காவின் 'சேர்' ஆய்வு. சொவெட்டோ, கேப் டவுன் குழந்தைகள், வயது 6 முதல் 12 வாரம். சி.டி.4 நூற்றுவீதம் 25க்குக் குறையாதவர்கள், அதாவது 'நல்லா இருந்த' பிள்ளைகள். 252 பேருக்கு உடனே மருந்து. 10 பேர் இறந்தார்கள். சி.டி.4 விழட்டும், இல்லாட்டி நோய்க்குறி தெரியட்டும் எண்டு காத்திருந்த 125 பேரில் 20 பேர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான், 2008இல், ஒரு வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் உடனே மருந்து எண்டது உலக சுகாதார நிறுவனம்.

வைரஸ் சுமை உச்சத்தில் இருந்தும், மருந்தே இல்லாமல் சி.டி.4 குறையாத பிள்ளைகளும் கொஞ்சப்பேர் இருக்கினம். உண்மைதான். ஆனா அந்தக் கொஞ்சப்பேரில் எங்கட பிள்ளையும் ஒண்டு எண்டு எந்தத் துணிவில் காத்திருக்கிறது?

தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடாக 2019இல் இலங்கை அங்கீகரிக்கப்பட்டது. பெருமைதான். அதற்கு முதல் தொற்றோடு பிறந்தவர்கள் இப்ப எங்கட வயதில், எங்கட வகுப்பில் இருக்கலாம். குளிசையை ஒழுங்காய்ப் போடுகிறவரை அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது, சி.டி.4உம் நல்லா இருக்கும். விடுதியில் யாரும் கண்டிடுவினமோ எண்டு பயந்து, போத்தலை ஒளிச்சு வைத்து, ஒரு கிழமை, இரண்டு கிழமை விட்டால் முதலில் ஏறுவது வைரஸ் சுமை. கண்ணாடியில் பார்த்தால் அப்பவும் நல்லாத்தான் தெரியும்.