செவிவழி நரம்பியல்

நரம்பியல் என்றாலே மருத்துவ மாணவர் அஞ்சி ஒதுங்குவர். அவ்வச்சத்தையே ஒரு நோயாகக் கொண்டு, 1994-இல் அதற்குப் பெயரிட்டார் அமெரிக்க நரம்பு மருத்துவர் சோசபோவிசு.

அதற்கு மருந்தாக இன்று குறுவலையொலிகள் வந்துள்ளன. இரவுப்பணி முடித்துப் பேருந்தில் திரும்பும் பயிற்சி மருத்துவர், ஐந்தாறு மணித்துளிகளில் ஒரு நோயரின் நிலையைக் கேட்டறிகிறார். வலக்கை, வலக்கால் நொடியில் செயலிழந்தன, சொல்லும் எழவில்லை. பழுது எங்கே? பெரும்பாலும் இடப்பக்கப் பெருமூளையில். எதனால்? குருதிக்குழாய் அடைப்பாலோ கசிவாலோ. எங்கே, எதனால் என்னும் இவ்வரிசையே நரம்பு மருத்துவத்தின் அடிப்படை. கேட்கக் கேட்க அது மனத்துள் படியும். கரும்பலகைமுன் முப்பதாண்டு நின்ற யாம் இதில் ஐயுறவில்லை.

பெருங்குழாய் அடைப்பில் மணித்துளிக்கு ஏறத்தாழ 19 இலக்கம் நரம்பணுக்கள் மாள்கின்றன. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். அவ்வேளையில் நூலைப் புரட்ட ஏது பொழுது?

ஆயினும், வளர்ந்தவரின் உள்ளங்காலைக் கீறக் கால் பெருவிரல் மேனோக்கி எழுமாயின் அது மூளை, தண்டுவடப் பழுதின் அறிகுறி என்று 1896-இல் பாரிசில் பாபின்சுகி உரைத்தாரே, அது காதில் விழுமா? அதனைக் கீறிக் காட்டக் கட்டிலருகே ஆசிரியர் வந்து நிற்க வேண்டும். வலையொலி உண்டென்று அவர் வாராதிருத்தல் தகாது.